துளிகள் சேர்ந்து போடும் கோடு

பென்சிலாலோ பேனாவாலோ கோடு போடுவது நமக்கு எளிதான காரியம். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தால் போதும். முனை காகிதத்தை விட்டு எழுவதில்லை. ஆகவே கோடும் இடையில் அறுபடுவதில்லை. ஆனால் இன்று பல வீடுகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் கம்ப்யூட்டருடன் இணைத்து வைத்திருக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறி கோடு போடும் விதமே வேறு. அதன் முனை காகிதத்தைத் தொடுவதே கிடையாது. காகிதத்துக்குச் சற்று மேலே நின்றுகொண்டு, கண்ணுக்குப் புலப்படாத மைத்துளிகளை ஒன்றன்பின் ஒன்றாக எய்கிறது. அந்தத் துளிகள் விழுந்து, பரவி, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, உலர்ந்த பிறகுதான் அதற்குக் கோடு என்ற பெயர்.

படங்களையும் பெரிய எழுத்துக்களையும் அச்சிடும்போது இதனால் பெரிய தொல்லை இல்லை. ஒரு துளி சற்றுத் தள்ளி விழுந்தாலும் சுற்றியுள்ள ஆயிரம் துளிகள் அதன் குற்றத்தை மறைத்துவிடும். மெல்லிய கோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. வரிசையில் நிற்கும் துளிகளில் ஒன்று விலகினாலும், ஒன்று பெருத்தாலும், ஒன்று வராமலே போனாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆகவே ஓர் அச்சுப்பொறியின் தரத்தைச் சோதிக்க விரும்புகிறவர் அழகான ரோஜாப் படத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டியதில்லை, மயிரிழை போன்ற ஒரு கோட்டை அச்சிட்டுப் பார்த்தாலே போதும் என்பது எங்கள் எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், மைத்தாரையைக் கொண்டு செய்யப்பட்ட தொடக்க காலக் கருவிகளில் ஒன்று எழுத்துக்களை அச்சிடுவதற்காகப் பிறக்கவில்லை. கோடு போடுவதற்காகவே பிறந்தது. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட் மருத்துவம் படித்தவர். ஆனால் அவர் மனம் கருவிகள் செய்வதிலேயே இருந்தது. இதயத் துடிப்பைக் கோடாக வரையும் கருவியில் பேனா முனை காகிதத்தில் உராய்ந்துகொண்டே செல்லும். இதயத்தின் நுட்பமான அசைவுகளை முனையின் எடையும் உராய்வும் விழுங்கிவிடும். எல்ம்க்விஸ்ட் அந்தப் பேனாவை எடுத்துவிட்டு, மிக நுண்ணிய கண்ணாடிக் குழல் ஒன்றை வைத்தார். காந்தத்தால் அது இப்படியும் அப்படியும் அசையும். அதிலிருந்து பீறிடும் மை, ஓடுகின்ற காகிதத்தின்மேல் கோடாக விழும். 1951-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இதயமுடுக்கியை 1958-இல் செய்து கொடுத்தவரும் இவரே. அது சில மணி நேரமே இயங்கியது. ஆனாலும் அதைப் பெற்றுக்கொண்ட ஆர்னே லார்சன், பின்னர் பல கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு 2001 வரை உயிர் வாழ்ந்தார். மருத்துவர் படிக்கின்ற கோடு தேவையில்லாத இடத்தில் தடிப்பதும் மெலிவதும் எவ்வளவு ஆபத்து என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

சரி, மையைக் கோடாக ஊற்றுவதில் அப்படி என்ன கடினம்? தண்ணீரின் குணத்தில்தான் கடினம் இருக்கிறது. வீட்டுக் குழாயை மிக மெதுவாகத் திறந்து பாருங்கள். மேலே கண்ணாடிக் கம்பி போல இறங்கும் தண்ணீர், சிறிது தூரம் சென்றதும் துளித்துளியாக உடைந்துவிடும். பிரான்ஸ் நாட்டு ஃபெலிக்ஸ் சவார் இதை 1833-இல் ஆராய்ந்தார். பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோ இன்னும் ஆழமாகச் சென்றார். அவர் கண் பார்வையை இழந்த பின்னும், பிறருடைய கண்களைக் கொண்டு சோதனைகளைத் தொடர்ந்து 1873-இல் நூலாக வெளியிட்டவர். உருளை வடிவமான நீர்த்தண்டு தன் சுற்றளவைவிட நீண்டுவிட்டால் அந்த வடிவில் நிலைத்திருக்காது என்பது அவர் கண்டது. அதாவது விட்டத்தைப் போல் ஏறத்தாழ 3.14 மடங்கு நீளம். அவ்வளவுதான் அதன் எல்லை! 1878-இல் ரேலி பிரபு, எந்த அளவுள்ள துளிகளாக அது உடையும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்னார்.

இதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய ரப்பர் தோலைப் போல எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. ஒரே அளவு நீருக்கு மிகக் குறைந்த மேற்பரப்பைத் தருவது உருண்டை வடிவம். ஆகவே நீர் உருண்டையாக இருக்கவே விரும்புகிறது. கோடாக இருக்க விரும்புவதில்லை. மையும் பெரும்பாலும் நீர்தான். மெல்லிய, சீரான கோட்டை அச்சிடுவது என்றால், கோடாக இருக்க விரும்பாத ஒரு பொருளை அது உலரும்வரை கோடாகவே பிடித்துவைப்பது. மற்ற உபாயங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவையே.

மாக்கோலம் போடும் நம் பாட்டிமாருக்கு இது புதிய செய்தி அன்று. ஊறவைத்த பச்சரிசியை அரைத்துக் கரைத்து, துணித்துண்டை அதில் தோய்த்து, விரல்வழியே இழையாக ஒழுகவிடுகிறார்கள். மாவு நீர்த்திருந்தால் இழை பரவிவிடும்; கெட்டியாக இருந்தால் விட்டுவிட்டு விழும். மண்தரையில் அழகாக நிற்கும் இழை, மெழுகுபோல் வழுவழுப்பான தரையில் அங்கங்கே திரண்டு குண்டுகளாகிவிடும். மாவு அதே மாவு, கை அதே கை, தரைதான் வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அச்சுப்பொறிக்கு வருவோம்.

துளியை உண்டாக்க இரண்டு வழிகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது வெப்பம். ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1977-இல் மை நிரப்பிய ஊசி ஒன்றின்மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து மை தெறித்ததாம். இச்சிரோ எண்டோ அதைக் கவனித்தார். அந்நிறுவனத்தார் பெருமையோடு சொல்லும் கதை இது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் ஜான் வாட் என்பவரும் தனியே இதே வழியைக் கண்டார். 1984-இல் அந்நிறுவனம் வெளியிட்ட திங்க்ஜெட் பொறியில் மொத்தம் 12 நுண்துளைகளே இருந்தன. துளைக்குப் பின்னால் ஒரு சிறு சூடேற்றி இருக்கும். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் அது மையைக் கொதிக்கவைக்க, நீராவிக் குமிழி ஒன்று எழுந்து, முன்னால் இருக்கும் மையைத் துளியாக வெளியே தள்ளும். இரண்டாவது வழியில் சூடு இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் வளைகின்ற ஒரு பொருள் மை அறையின் சுவரை அழுத்தும். எப்சன் பொறிகள் இவ்வகை. இப்பொருள்களின் குணத்தை முதலில், 1880-இல், கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். மேரி கியூரி அம்மையாரைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. அவருடைய கணவர்தான் இந்தப் பியர் கியூரி!

துளி எவ்வளவு சிறியது? பிக்கோலிட்டர் என்ற அளவால் இதைச் சொல்வார்கள். ஒரு லிட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடியும் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பிக்கோலிட்டர். 10 பிக்கோலிட்டர் துளியின் விட்டம் என்ன என்று கோளத்தின் கன அளவு வாய்பாட்டில் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 27 மைக்ரான் வந்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமனே 50 முதல் 100 மைக்ரான் இருக்கும். அப்படியானால் துளியை இன்னும் பத்தில் ஒரு பங்காக்கி 1 பிக்கோலிட்டர் துளியை எய்தால், கோடும் பத்தில் ஒரு பங்கு மெலியும் அல்லவா? மெலியாது. விட்டம் 12 மைக்ரானுக்கு மேல்தான் நிற்கிறது. கனத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் விட்டம் பாதியளவுக்குத்தான் குறைகிறது. கன மூலத்தின் வேலை இது. துளியைச் சிறிதாக்கிக்கொண்டே போவது மட்டும் மெல்லிய கோட்டுக்கு வழியாகாது என்பது இதிலிருந்தே தெரியும். மேலும் மிகச் சிறிய துளி காற்றில் எளிதாக வேகம் இழந்து, குறி தவறும்.

துளி வெளியே வரும்போது தலையோடு ஒரு வாலும் சேர்ந்தே வரும். வால் தலைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டால் நல்லது. தனியே அறுந்துவிட்டால் குட்டித் துளிகளாகிக் கோட்டின் ஓரத்தில் தூசிபோல விழும். மை மிகவும் நீர்த்திருந்தாலும் தொல்லை, பாகாக இருந்தாலும் தொல்லை. மாக்கோல மாவின் கதையேதான்.

இனி, துளி காகிதத்தில் விழுந்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேனியல் சோல்ட்மன், விவேக் சுப்பிரமணியன் ஆகிய இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எங்களை மிகவும் கவர்ந்தது. மின்சாரத்தைக் கடத்தும் ஒருவகை மையை அவர்கள் ஒரே வரிசையில் துளித்துளியாக அச்சிட்டார்கள். துளிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், அடுத்த துளி விழும்வரை உள்ள நேரத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். தூரம் மிகுதியானால் துளிகள் தனித்தனி மணிகளாகக் கிடந்தன. சற்று நெருக்கினால் ஒன்றையொன்று தொட்டன. ஆனால் ஓரம் நேராக இல்லாமல், தாவணிக் கரையில் போடும் வளைவுப் பின்னல் போல நெளிநெளியாக இருந்தது. இன்னும் சற்று நெருக்கியபோதுதான் இருபுறமும் நேரான ஓரங்களுடன் சீரான கோடு கிடைத்தது. அதற்கு மேலும் நெருக்கினாலோ, கோட்டில் அங்கங்கே முடிச்சுப் போட்டாற்போல வீக்கங்கள் தோன்றின. அடுத்த துளி வருவதற்குள் முந்திய துளி உலர்ந்துவிட்டால் நிகழ்வது இன்னொன்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வட்டங்களாக, காசுமாலை போல ஆகிவிடும். மணி, நெளி, நேர், வீக்கம், காசுமாலை என்று ஐந்து வடிவங்கள். அவற்றுள் நமக்கு வேண்டியது நடுவில் உள்ள ஒன்றே ஒன்று.

நெருக்கினால் ஏன் வீங்குகிறது? இதை விளக்க உயர் கணிதம் வேண்டும் என்று முதலில் அஞ்சினோம். எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டர் ஒரு காம்பஸையும் வரைபடத் தாளையும் கொடுத்து, "வட்டமும் நாணும் போதும் பிள்ளைகளே" என்றார். உண்மையாகவே போதும்!

தாளில் 4 செ.மீ. நீளமுள்ள ஒரு நேர்கோட்டை வரையுங்கள். அதுதான் ஈரக் கோட்டின் அகலம். ஈரக் கோட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் மேற்புறம் ஒரு வட்டத்தின் வில்லாக இருக்கும். நாம் வரைந்த கோடு அதன் நாண். நடுவில் அரை செ.மீ. உயரமே உள்ள தாழ்வான வில்லை வரைய வேண்டுமானால் 4.25 செ.மீ. ஆரம் உள்ள வட்டம் வேண்டும். உயரம் 1 செ.மீ. என்றால் ஆரம் 2.5 செ.மீ. உயரம் 2 செ.மீ. என்றால் அது அரைவட்டம். ஆரம் 2 செ.மீ. இதற்குக் கீழே ஆரம் இறங்கவே முடியாது, ஏனெனில் எந்த நாணும் விட்டத்தைவிட நீளமாக இருக்க முடியாது. இன்னும் உயர்த்தி 4 செ.மீ. ஆக்கினால் ஆரம் மறுபடியும் 2.5 செ.மீ. ஆகிவிடுகிறது. ஆக, வில் உயர உயர ஆரம் குறைந்துகொண்டே வந்து, அரைவட்டத்தைத் தாண்டியதும் திரும்பிக் கூடத் தொடங்குகிறது.

இப்போது ஓர் உண்மையை நினைவுகூர வேண்டும். ஆரம் சிறிதானால் உள்ளே அழுத்தம் பெரிது. இரண்டு சோப்புக் குமிழிகளை ஒரு குழாயால் இணைத்தால், சிறிய குமிழி தன் காற்றைப் பெரிய குமிழிக்குள் ஊதித் தான் மறைந்துபோகும். எங்கள் வகுப்பில் பலர் இதை நேர்மாறாகத்தான் நினைத்திருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஈரக் கோடு அரைவட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று கொள்வோம். ஓரிடத்தில் மட்டும் சிறிது மை கூடுதலாக விழுந்துவிட்டது. அங்கே வில் உயர்கிறது, ஆரம் குறைகிறது, அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தம் அந்த மையை இருபுறமும் தள்ளிவிட, கோடு தானாகவே சமனாகிறது. தன் குறையைத் தானே திருத்திக்கொள்ளும் கோடு! இனி, ஈரக் கோடு அரைவட்டத்தைத் தாண்டி உயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். இப்போது கூடுதல் மை விழுந்த இடத்தில் ஆரம் கூடி அழுத்தம் குறைகிறது. அக்கம்பக்கத்து மையெல்லாம் அங்கே ஓடிவருகிறது. வந்ததால் இன்னும் உயர்ந்து, இன்னும் அழுத்தம் குறைந்து, இன்னும் மையை இழுக்கிறது. இதுதான் வீக்கம். 1980-இல் ஸ்டீஃபன் டேவிஸ் என்ற கணித அறிஞர் காட்டிய முடிவு இது. 2003-இல் நெதர்லாந்தின் டியூனெவெல்ட், அச்சிட்ட கோடுகளில் வீக்கங்கள் எப்படி இடைவெளிவிட்டுத் தோன்றுகின்றன என்று ஆராய்ந்தார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கோட்டின் இரு கரைகளும் காகிதத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். தாமரை இலையில் தண்ணீருக்குப் பிடிப்பே இல்லை. அங்கே கோடு போட்டால் கரைகள் சுருங்கி, பிளாட்டோ சொன்னபடியே மணிகளாக உருண்டுவிடும். ஆகவே சீரான கோட்டுக்குப் பரப்பின் பிடிப்பு வேண்டும். ஆனால் பிடிப்பு மிகுந்து, மை பரவிப்போனால் கோடு தடித்துவிடும். எவ்வளவு தடிக்கும் என்றும் நாங்கள் கணக்கிட்டோம். 10 பிக்கோலிட்டர் துளிகளை 20 மைக்ரானுக்கு ஒன்றாக வைத்தால், ஈரக் கோட்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 500 சதுர மைக்ரான். அது அரைவட்டமாக நின்றால் கோட்டின் அகலம் ஏறத்தாழ 36 மைக்ரான். மையின் ஓரம் பரப்போடு 30 பாகை மட்டுமே சாய்ந்து படுத்திருந்தால், வட்ட மையத்தில் நாண் 60 பாகைக் கோணத்தைத் தாங்கும். அப்போது நாணும் ஆரமும் சமம், அகலம் ஏறத்தாழ 74 மைக்ரான். அதே மை, அதே துளி, அதே இடைவெளி. பரப்பு மாறியதால் மட்டும் கோடு இரு மடங்குக்கு மேல் தடித்துவிட்டது. துளியின் கனத்தைப் பாதியாக்கினால்கூட 36 என்பது 25 ஆகத்தான் குறைகிறது. கோட்டின் அகலத்தை முடிவு செய்வதில் துளைக்கு இருக்கும் பங்கைவிடத் தரைக்கு இருக்கும் பங்கு பெரிது என்று இதனால்தான் சொல்கிறோம்.

இந்த எண்ணத்தை வியக்கத்தக்க முறையில் பயன்படுத்தியவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள். ஹென்னிங் சிரிங்ஹவுஸும் அவர் குழுவினரும் 2000-இல் பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்களை மைத்தாரையால் அச்சிட்டார்கள். டிரான்சிஸ்டருக்கு இரண்டு மின்வாய்களுக்கு நடுவே மிக மெல்லிய இடைவெளி வேண்டும். துளியே அதைவிடப் பல மடங்கு பெரிது. என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் ஒட்டாத பாலிஇமைடு என்ற பொருளால் 5 மைக்ரான் அகலமுள்ள பட்டையை முதலில் தரையில் போட்டுவைத்தார்கள். துளி அதன்மேல் விழுந்ததும், இருக்கப் பிடிக்காமல் இருபக்கமும் பிரிந்து ஒதுங்கிக்கொண்டது. நடுவில் 5 மைக்ரான் இடைவெளி சுத்தமாக நின்றது! இத்தகைய மின்சுற்றுகளில்தான் சீரான கோட்டின் அருமை முழுவதும் தெரியும். எழுத்தில் ஒரு சிறு அறுபடல் இருந்தால் படிப்பவர் கண் அதை மன்னித்துவிடும். மின்சுற்றில் கோடு ஓரிடத்தில் அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். ஓரிடத்தில் வீங்கிப் பக்கத்துக் கோட்டைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

ஈரமாக இருந்தபோது சீராக இருந்த கோடு உலரும்போது கெடுவதும் உண்டு. தரையில் சிந்திய காபித் துளி உலர்ந்த பிறகு பாருங்கள். நடுவில் வெளிறியும் விளிம்பில் கறுத்த வளையமாகவும் இருக்கும். 1997-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் உடன் ஆய்ந்தவர்களும் இதன் காரணத்தை விளக்கினார்கள். விளிம்பில் நீர் விரைவாக ஆவியாகிறது. விளிம்போ தரையைப் பற்றிக்கொண்டிருப்பதால் பின்வாங்க முடியாது. இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகும்போது காபித் துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. துளிக்கு இது வளையம். கோட்டுக்கு இது இரட்டைத் தண்டவாளம். கரைகளைப் பற்றிக்கொள்ளச் செய்த அதே பிடிப்புதான் இங்கே எதிரியாக வருகிறது! பெர்க்லி ஆய்வாளர்கள் அச்சிடும் பரப்பைக் குளிர்வித்து இதைக் குறைத்தார்கள். வேறு வேறு வேகத்தில் ஆவியாகும் இரண்டு திரவங்களை மையில் கலப்பது இன்னொரு வழி. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், உருண்டைத் துகள்களுக்குப் பதிலாக நீள்வட்டத் துகள்களைப் பயன்படுத்தினால் வளையமே தோன்றுவதில்லை என்று கண்டார்கள்.

சாதாரணக் காகிதத்தில் இந்த வளையத் தொல்லை மிகுதியாக இல்லை. மை உலர்வதற்கு முன் உள்ளே இறங்கிவிடுகிறது. அங்கே தொல்லை வேறு. உயிரியல் ஆய்வகத்து நுண்ணோக்கியின் கீழ் அச்சிட்ட கோட்டை வைத்துப் பார்த்தபோது, கம்பளிப்பூச்சியின் உடலில் இருப்பதுபோல் கோட்டின் இருபுறமும் மயிர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காகிதம் மரநார்களால் ஆனது. நார்களின் வழியே மை ஊர்ந்து செல்கிறது. மையொற்றுத் தாள் செய்யும் வேலைதான் இது. பூச்சுக் கொடுத்த தாளில் நார்களுக்கு மேலே நுண்ணிய வெண்பொடிப் படலம் இருப்பதால், மை பக்கவாட்டில் ஓடாமல் விழுந்த இடத்திலேயே நேராக உள்ளே இறங்குகிறது.

இவ்வளவையும் எங்கள் பள்ளிப் பாடகர் குழுவுக்காகச் செய்து பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மேனாட்டு இசைக்குறியீட்டை எழுதுவதற்கு ஐந்து மெல்லிய கோடுகள் வேண்டும் என்பது பாடுபவர்களுக்குத் தெரியும். புள்ளி கோட்டின்மேல் இருந்தால் ஒரு சுரம், இரு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் வேறு சுரம். அச்சிட்டு வந்த தாள்களில் ஐந்து கோடுகளும் ஒரே பருமனில் இல்லை. ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தன. பின்வரிசையில் நிற்கும் சிறுமிகள் தடித்த கோட்டையே எண்ணத் தொடங்கிச் சுரத்தைத் தவறவிட்டார்கள். காகிதத்தை மாற்றியும் குறை தீரவில்லை. காரணம் கணக்கில் இருந்தது. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைக்கும் பொறியில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 0.0423 மி.மீ. நாம் 0.1 மி.மீ. கோடு கேட்டால் அது 2.36 புள்ளிகள் ஆகிறது. பொறியால் அரையும் குறையுமான புள்ளியை வைக்க முடியாது. ஆகவே ஒரு கோட்டுக்கு 2 புள்ளிகளும் மற்றொரு கோட்டுக்கு 3 புள்ளிகளும் வைத்துவிடுகிறது. கோட்டின் பருமனை 0.127 மி.மீ., அதாவது சரியாக 3 புள்ளிகள் என்றும், கோட்டுக்குக் கோடு தூரத்தை 1.778 மி.மீ., அதாவது சரியாக 42 புள்ளிகள் என்றும் வைத்தபோது ஐந்தும் ஒன்றுபோலவே வந்தன. 720 புள்ளிகள் வைக்கும் பொறி என்றால் கணக்கு இதற்குத் தக்கபடி மாறும்.

வீட்டில் அட்டவணையும் வரைபடமும் அச்சிடும் தோழியருக்காக இன்னும் சில செய்திகள். கோட்டைச் சாம்பல் நிறத்தில் கேட்காதீர்கள். பெரும்பாலான வீட்டுப் பொறிகளில் சாம்பல் மை கிடையாது. கருப்பு, வண்ணப் புள்ளிகளை விட்டுவிட்டுத் தூவியே அதைச் சாம்பலாகக் காட்டும். மெல்லிய கோட்டில் அப்படித் தூவினால் கோடு புள்ளிவரிசையாகிவிடும். பழுப்பு, கரும்பச்சை போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். சற்று விலகினாலும் கோட்டின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். கருப்பு ஒன்றே உத்தமம். கிடைக்கோடுகள் நன்றாக வந்து, மேலிருந்து கீழாகச் செல்லும் கோடுகள் மட்டும் படிப்படியாக உடைந்து தெரிந்தால், மைத்தலை போகும்போது வைத்த துளிகளும் திரும்பும்போது வைத்த துளிகளும் நேராகச் சேரவில்லை என்று பொருள். தலையைச் சீரமைக்கும் கட்டளை எல்லாப் பொறிகளிலும் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் அச்சிடும்படி சொன்னாலும் போதும். நேரம் இரு மடங்கு ஆகும், அவ்வளவே. படத்தாகச் சேமித்த கோட்டைவிட, வரைகோடாகவே உள்ள கோப்பிலிருந்து அச்சிடுவது நல்லது.

காகிதம் வாங்கும்போது பளபளப்பான புகைப்படத் தாள்தான் உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கோட்டுக்கு அது எப்போதும் பொருந்தாது. சில பொறிகள் அந்தத் தாளைக் கண்டதும் கருப்பு மையை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ணங்களையும் கலந்தே கருப்பை உண்டாக்கும். மேலே சொன்ன ஓர நிறத் தொல்லை அங்கே திரும்பவும் வந்துவிடும். பூச்சுக் கொடுத்த, ஆனால் பளபளப்பில்லாத தாளை வாங்குங்கள். அதிலும் பல தாள்களில் பூச்சு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். கூடுதல் வெண்மையாகத் தெரிகின்ற பக்கம் அது. ஈரமான விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டால் லேசாக ஒட்டுவதும் அந்தப் பக்கமே.